டேப்பின் நுனி

1
இந்தக் கதை பிறந்தது ஆண்டிமடத்து டீக்கடையில். அரசு ஊழியர் கடமையில் குறுக்கிட்டால் என்ன தண்டனை என்று ஒருவர் சட்டப்பிரிவோடு முழங்கிக்கொண்டிருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தால் குறுக்கீடா என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். பஸ் வரவில்லை.

2
நீதிதேவதை கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நண்பகலில்...

(வேண்டாம். பரிசு கொடுத்துவிடுவார்கள்.)

சர்வேயர் வெற்றிச்செல்வி, மருதாயியின் மனையை அளக்க வந்தாள். பின்னால் முந்திரித்தோப்பு, முன்னாள் ஊராட்சித் தலைவர் சாமிதுரையுடையது. கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தால் மருதாயியின் அடுப்படி தோப்போடு போய்விடும்.

3
சாமிதுரையை வில்லனாக்க முயன்று தோற்றேன். மனிதர் அதட்டவே இல்லை. இளநீர் கொடுத்தார். குடை பிடித்தார். அளக்கும் முன்பே பொன்னாடை போர்த்தினார்.*

தெருக்கல்லில் டேப்பின் நுனியை மனைக்காரர்தான் பிடிப்பது வழக்கம். மருதாயி கை நீட்டுவதற்குள் அவர் வாங்கிக்கொண்டார். "நீ போயி சோத்தப் பாரு மருதாயி. பொதுச்சேவை நமக்குப் பழக்கந்தான."

டேப்பு இறுகும்போதெல்லாம் அவர் மரியாதையாகத் தெருப்பக்கம் பின்வாங்கினார். இங்கே அவர் பின்னால் போகப் போக, அங்கே எல்லை அடுப்படிக்குள் நுழைந்தது. நுனி கல்லில் இருக்க வேண்டும் என்றாள் வெற்றிச்செல்வி.

"கல்லுதாம்மா நவுந்துடுச்சு. என் காலு பொறந்ததுலேருந்து இதே ஊர்லதான் இருக்கு."

* வாசகர் இங்கே லேசாக நெளியலாம். அவளும் நெளிந்தாள்.

4
இடையில் எனக்கும் போன். சாமிதுரையின் மைத்துனராம். எழுதுவது என் உரிமை என்று ஒப்புக்கொண்டார். கால் நகர்ந்ததை மட்டும் மண் வழுக்கியதாகப் போடச் சொன்னார். மறுத்தேன். அப்படியானால் ஊரையாவது மாற்றுங்கள் என்றார்.

(கதை திருமானூரில் நடந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம்.)

5
முடிவு ஒன்று: கலெக்டரின் ஜீப் புழுதி பறக்க...

(கலெக்டர் மீட்டிங்கில் இருக்கிறார்.)

முடிவு இரண்டு: வெற்றிச்செல்வி பொன்னாடையை மடித்து வேலியில் போட்டாள். "ஐயா, அந்த நுனிய அக்காகிட்ட குடுத்துடுங்க."

சாமிதுரை சிரித்தார். "எந்த ஊர்ல வேல பாக்கணும்னு ஆச பாப்பா ஒனக்கு?"

டீக்கடையில் முழங்கியவர் சொன்ன சட்டம் இந்த வாக்கியத்தில்தான் விழித்துக்கொள்ளும். அதற்குள் அடுப்படியில் பாதி போய்விட்டிருந்தது.

மருதாயி வந்து சாமிதுரை பக்கத்தில் கையை நீட்டியபடி நிற்கிறாள். வெற்றிச்செல்வி வாயில் ஒரு வீரவசனம் வைக்க எனக்குக் கை அரிக்கிறது. அளக்கப் படித்தவள் அவள். அவளுக்குப் பதில் நான் பேசினால் சாமிதுரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.

அவள் வாயைத் திறக்கிறாள்.