மழை நிறுத்துகிறவரின் மகள்

பாசிர் ஹலாங் மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிற பந்தயத்துக்கு அந்த வருஷம் வந்தவர்களில் ஒருவரும் சேற்று டயர் கொண்டுவரவில்லை. எதற்குக் கொண்டுவர வேண்டும்? மழையை நிறுத்த அபா தர்சாவை அல்லவா அமர்த்தியிருந்தார்கள்! லெம்பாங் வட்டாரத்தில் கல்யாணமோ கச்சேரியோ கட்சிக் கூட்டமோ, பந்தல்காரனுக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே அவர் அபா, அப்பா. மைதானத்து மூலையில் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, ஈர்க்குகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி, கிராம்பு சிகரெட் புகைய முணுமுணுத்தபடி உட்கார்ந்தாரென்றால் மேகம் பக்கத்து ஊருக்கு நடையைக் கட்டிவிடும் என்று பேர்.

சேற்று டயர் கொண்டுவந்த ஒரே ஆள் அவர் மகள் இமாஸ்.

அப்பா மேல் அவளுக்குப் பாசம் இல்லாமலில்லை. ஆனால் வானம் கறுத்தால், அவர் மந்திரத்தை முடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய்க் கொடியிலிருக்கும் துணியை அள்ளிக்கொண்டு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவள் அவள். அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. இருந்தாலும் மேற்கிலிருந்து வந்த காற்றில் ஈரம் இருந்தது. வாயைத் திறக்காமல் முள் முள்ளாகப் பல் வைத்த டயரை மாட்டிக்கொண்டாள். முந்தின நாள் காய்ந்த தடத்தில் நடந்த தகுதிச் சுற்றில் அவள்தான் முதல். ஒவ்வொருவராக இறங்கி நேரம் கணக்கிடுகிற பந்தயம் இது; தகுதிச் சுற்றில் முதல் என்பதால் இறுதிச் சுற்றில் அவள் கடைசியாக இறங்க வேண்டியவள்.

மத்தியானத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்புவதற்குள் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. இடி மலையையே உலுக்கியது. தடம் முழுக்கச் செம்மண் குழம்பு. அபா தர்சாவின் விளக்குமாறு சாய்ந்து, மிளகாயும் வெங்காயமும் தண்ணீரோடு போயின. கூட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அபா, வெங்காயம் பத்தலையோ?"

"மிளகாய்ல காரம் இல்ல போல. என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரவா?"

அவர் தகரக் கூரைக்கடியில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அவளையும் அவரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். பந்தயத்தை நடத்துகிற காங் டெடென், டெடென் அண்ணன், நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். எதிரே ஜகார்த்தா அணியின் மேலாளர் பாக் ஹெர்மன், ஹெர்மன் ஐயா. அவருடைய வீராங்கனை கிரானாதான் தகுதிச் சுற்றில் இரண்டாவது.

"காலையில வெயில் மண்டையப் பொளந்துச்சு. இந்தப் பொண்ணு மட்டும் சேத்து டயர் போட்டிருக்கு. யார் சொன்னது இவளுக்கு?" என்றார் ஹெர்மன்.

"வானத்தைப் பாத்தேன் பாக். உங்க தலைக்கு மேலயும் அதே வானம்தான் இருந்துச்சு," என்றாள் இமாஸ்.

"அந்த வானத்துக்குச் சாவி உங்கப்பன் கையில இருக்கே! மகளுக்காகத் தொறந்து விட்டுட்டாரு. டெடென், இவளைப் பந்தயத்துலேருந்து தூக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. கூடாரத்தில் நின்ற மற்ற வீரர்கள் அபாவிடமிருந்து மெல்ல ஓரடி நகர்ந்து நின்றார்கள். டெடென் தலையைச் சொறிந்தார்.

"விதியில மந்திரத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலையே பாக்... அபா, நீங்களே சொல்லிடுங்க. இது நீங்க கூப்பிட்டு வந்த மழையா?"

அதுவரை தொங்கியிருந்த அபா தர்சாவின் தலை மெதுவாக நிமிர்ந்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இமாஸுக்குப் புரிந்துவிட்டது. மழையை நிறுத்த முடியாதவர் என்றால் ஊர் சிரிக்கும். மகளுக்காக மழையையே வரவழைத்தவர் என்றால் ஊர் நடுங்கும். அவர் நடுக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவரை அவள் வெறுத்தாள்.

'அவரால ஒரு தூறலைக்கூட நிறுத்த முடியாது, அதனாலதான் சேத்து டயர் போட்டேன்.' இந்த ஒரு வார்த்தை போதும், டயர் தப்பித்துவிடும். தொண்டைவரை வந்தது. வெளியே விட்டால் இனி ஒரு காதுகுத்துக்குக்கூட அவரை எவனும் கூப்பிட மாட்டான். விழுங்கினாள்.

"டயர்தானே உங்க கண்ணை உறுத்துது? கழட்டுறேன். உங்க பொண்ணு மாதிரியே காஞ்ச தரை டயர்ல இறங்குறேன். அப்புறம் மழை ஜெயிச்சுது, மந்திரம் ஜெயிச்சுதுன்னு எவனாவது சொன்னா நடக்குறதே வேற."

டயரை மாற்றிக்கொண்டிருந்தபோது அபா பின்னால் வந்து நின்றார்.

"வேணாம் நெங், என் கண்ணு. இந்தச் சேத்துல அந்த டயர் நிக்காது. கழுத்து முறிஞ்சுடும். இறங்காதே."

"இதை உள்ள வெச்சுச் சொல்லியிருக்கணும் அபா."

அவள் சைக்கிளை லாரியில் ஏற்றிவிட்டு மலை உச்சிக்குப் போனாள்.

கிரானா ஒரு தடவை விழுந்து எழுந்தும் நல்ல நேரத்தில் முடித்திருந்தாள். கடைசியாக இமாஸ். புறப்படும் மேடையை விட்டு இறங்கிய மாத்திரத்தில் பின்சக்கரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பைன் மர வேர்கள் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கின. பிரேக்கைத் தொட்டால் சைக்கிள் படுக்கிறது, விட்டால் பறக்கிறது. ஒரு காலைத் தரையில் உழுதபடி வளைவுகளைத் தாண்டினாள். தேயிலைத் தோட்டத்துத் திருப்பத்தில் முன்சக்கரம் ஏமாற்றியது. முகம் குப்புறச் சேற்றில் போனாள்.

ஆரவாரத்துக்காக, சங்கிலி கழற்றிய மர அறுப்பு இயந்திரங்களை உறுமவிட்டுக்கொண்டிருந்த பையன்கள் குதித்தார்கள். "மழைக்காரர் மகளே! உங்கப்பாவை வந்து தூக்கிவிடச் சொல்லு!"

வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். கண்ணாடியைக் கழற்றி எறிந்தாள். கைப்பிடி கோணிப்போயிருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். கோபத்தில் அவளுக்குக் குளிரே தெரியவில்லை. கடைசிச் சரிவில் எல்லாரும் பிரேக் பிடித்துத்தான் விழுந்திருந்தார்கள். அவள் இரண்டு கையிலும் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். 'வா, பாத்துக்கலாம்' என்று யாரிடமோ கத்தினாள், மழையிடமா அப்பாவிடமா என்று அவளுக்கே தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டி வைக்கோல் கட்டுகளில் மோதித்தான் நின்றாள். நேரப் பலகையில் அவள் பெயர் முதலில் ஏறியது. கிரானாவைவிட அரை வினாடி குறைவு.

எழுந்து பார்த்தால் கூட்டம் அவளிடம் வரவில்லை. அபாவைச் சுற்றி நின்றது. ஹெர்மனே இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்திருந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க அபா. அடுத்த பந்தயத்துக்கு எங்க பொண்ணுக்கும் இப்படி ஒரு மழை போட்டுத் தரணும்."

அறிவிப்பாளன் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினான். "மகளுக்காக என்ன மழை அபா! எப்படிக் கொண்டாந்தீங்க?"

இமாஸ் அசையாமல் நின்றாள். அவள் விழுந்ததும் எழுந்ததும் அவள் கண் முன்னாலேயே இன்னொருவர் கணக்கில் ஏறப்போகின்றன. அபா தர்சா அவளைப் பார்த்தார். முழங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியை வாங்கினார்.

"நான் கொண்டாரலை. விடியறதுக்கு முன்னாடியே உக்காந்து கெஞ்சுனேன், நிக்க மாட்டேன்னுடுச்சு. கூடாரத்துல கேட்டப்ப, நீங்க சிரிப்பீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னுது. மழையும் நான் சொல்லி நிக்கலை, இவளும் நான் சொல்லி நிக்கலை. இவ ஜெயிச்சதுல எனக்கு ஒரு பங்கும் கிடையாது."

ஹெர்மன் கையை விட்டார். பிறகு பின்வரிசையில் ஒருவன் ஆரம்பித்தான்.

"அப்போ அந்த வெங்காயத்தை எங்க பக்கோடாக் கடைக்குக் குடுத்துடுங்க அபா!"

சிரிப்பு பரவியது. அபா நிமிர்ந்தபடியே நின்றார். இமாஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"எவன்டா சிரிச்சது? எங்க அபா உண்மையைச் சொல்லிட்டாரு. அதுக்கு உங்க எல்லாருக்கும் இருக்கிறதைவிட அதிக தைரியம் வேணும்." மண் ஒழுகுகிற சைக்கிளை அவர்களுக்கு நேராகத் தள்ளினாள். "சிரிச்சவன் இதை எடுத்துக்கோ. இதே டயர், இதே மழை. மேல போய் இறங்கிக் காட்டு. அப்புறம் எங்கப்பாவைப் பத்திப் பேசு."

சைக்கிளை எடுக்க ஒருவரும் வரவில்லை.