நாடி நாற்பத்தாறு

நர்ஸ் கலைமணியின் கணினிக்கு நாற்பத்தாறு என்ற எண் பிடிக்கவில்லை. திரையில் அந்த எண் இருந்த பெட்டியைச் சிவப்பாக்கிக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“இன்னா ஐயனாரு, பல்ஸு நாப்பத்தாறுதான் கீது? அம்பதுக்குக் கீழ போனா சிஸ்டம் அன்ஃபிட்னு காட்டுதுபா.”

ஐயனாருக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரமாவதற்கு இந்த மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே முதலுதவி அறையில், இதே நாற்காலியில், ரத்த அழுத்தம் நூற்றைம்பது என்று திருப்பி அனுப்பினார்கள். சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள்.

மிதித்தானே! சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் எடுத்திருந்த அறையிலிருந்து தினமும் வேலைக்கு, கன்டெய்னர் லாரிகள் வாரியடிக்கும் புழுதியைத் தின்றுகொண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து கைகாட்டிச் சிரித்தார்கள். முதல் மாதம் தொடை கட்டிக்கொண்டு கக்கூஸில் குந்த முடியவில்லை. மூன்றாம் மாதம் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அப்புறம் லைனில் எட்டு மணி நேரம் நின்றாலும் கால் கடுக்காமல் போனது. இன்றைக்கு அழுத்தம் நூற்றுப் பதினெட்டு. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட விடவில்லை இந்தப் பாழாய்ப்போன பெட்டி.

“யக்கா, சைக்கிள் மிதிச்சு மிதிச்சு நெஞ்சு பலமாயிட்டு. அதான் மெதுவா அடிக்கி. இதுக்குப் போயி அன்ஃபிட்டுன்னு சொல்லுதியளே?”

“எனக்குத் தெரியும்பா. மெஷினுக்குத் தெரியணுமே! இன்னும் ஒரு தபாதான் ரீடிங் ஏத்த முடியும், பர்மனென்ட் லிஸ்டுக்கு இன்னிக்குக் கடைசி நாளு. கம்முனு உக்காரு. டாக்டர் வரட்டும், சொல்லிப் பாக்கலாம்.”

உட்கார்ந்தான். உட்கார உட்கார நாடி இன்னும் அடங்கியது. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தான், நாற்பத்து நாலு. ஆறு மாத உழைப்பு இப்படி எதிரியாக வந்து நிற்கும் என்று யார் கண்டது? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுக்குப் போகிறவன் போல எழுந்து வெளியே போய், மாடிப்படியில் ஏறி இறங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை. வந்த வேகத்தில் நாற்காலியில் விழுந்து கையை நீட்டினான்.

“யக்கா, இப்பப் பாருங்க. சட்டுனு பாருங்க.”

கலைமணி பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினாள். நாடி எண்பத்தெட்டு. பெட்டி பச்சையானது. ஐயனார் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். அதற்குள் பக்கத்துப் பெட்டி சிவந்தது. அழுத்தம் நூற்றைம்பத்திரண்டு.

“அய்யய்யோ, இன்னாபா பண்ணிக்கினு வந்தே?”

“படி ஏறுனேன்க்கா.”

“உன்ன யாருபா ஏறச் சொன்னது? பழைய ரீடிங் போயே போச்சே!”

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் உள்ளே வந்தார். இந்த மாதம்தான் சேர்ந்த புது ஆள். கலைமணி, “சார், இவரு வந்து...” என்று ஆரம்பித்தாள். அவர் காதில் போனோடு, போதும் என்று கையைக் காட்டிவிட்டுத் திரையில் இருந்த சிவப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

“பிபி ஜாஸ்தியா இருக்கே. ஆறு மாசம் கழிச்சு வாங்க. இந்த வயசுல உடம்ப அசைக்கணும் தம்பி,” என்றவர், அவன் பேண்ட் காலில் இருந்த செயின் கறையைக் கவனிக்காமலே கேட்டார்.

“சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”