மூன்று நிமிடத்தில் கேட்காத காது

காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனியின் உதவி எண்ணுக்கு யார் கூப்பிடுவார்கள்? காது கேட்காதவர்கள்தான். இது தெரியாத ஒரே ஆள் அந்தப் பிரிவின் மேனேஜர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பச்சை' என்று பெயர். புதிதாக வாங்கிய திட்டமிடும் மென்பொருளில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

'குறிக்கோள்: வாடிக்கையாளர் மனம் குளிர வேண்டும்' என்று அதில் தட்டினார். மனக்குளிர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது? அவரே இரண்டு அளவு போட்டார். ஓர் அழைப்பு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அழைப்புகளின் எண்ணிக்கை ஏற வேண்டும்.

கொஞ்ச நாளில் போன் எடுக்கிற எல்லோருடைய கட்டமும் பச்சை, ஒன்றைத் தவிர. அந்தச் சிவப்பு சத்தக்காரியுடையது. தொண்டை கிழியக் கத்தியே பெயர் வாங்கியவள். மறுமுனைக்கு விளங்கும்வரை போனை வைக்க மாட்டாள்.

"காலாண்டு முடியறதுக்குள்ள பச்சையாகலன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. அட்டைப்பெட்டியிடம் அவள் என்னத்தைப் பேசுவாள்?

பக்கத்து நாற்காலிக்காரிக்கு எப்படிப் பச்சை? கேட்டே விட்டாள்.

"அதுவாக்கா? மூணு நிமிஷம் நெருங்கினா, 'லைன் சரியில்லீங்க, திரும்பக் கூப்பிடுங்க'ன்னு வச்சிடுவேன். கூப்பிடுவாங்கல்ல? நேரமும் குறையும், எண்ணிக்கையும் ஏறும். எல்லாரும் அதான் பண்றோம். நீதான் பிழைக்கத் தெரியாதவ."

சத்தக்காரி அன்றும் ஒரு போனைக்கூடப் பாதியில் வைக்கவில்லை.

மறுநாள் பாராட்டுக் கூட்டம். சுவர்த்திரையில் பச்சைப் பட்டைகள், மேஜையில் கேக். மேனேஜர் கத்தியை எடுத்தபோது போன் அடித்தது. சத்தக்காரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலாவது தடவையா கூப்பிடறேன்மா. எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க, என் காதுக்குத்தான் விளங்கல. பேட்டரி மாத்தியும் சத்தமே வரல. கோவிச்சுக்காதீங்க."

கேக்குக்காக நீண்ட கைகள் அப்படியே நின்றன.

"புது பேட்டரி மேல ஸ்டிக்கர் இருக்கும் தாத்தா, அதைப் பிச்சாதான் வேலை செய்யும். பிச்சீங்களா?"

"ஆங்?"

"ஸ்டிக்கர்! ஸ்டிக்கர்!"

மேனேஜர் கேக் கத்தியால் காற்றை அறுத்துக் காட்டினார். அவள் முதுகைக் காட்டினாள். திரையில் அவள் பட்டை இன்னும் சிவந்தது. ஆங், என்ன, எதுல என்று நெடுநேரம் போராடியபின் மறுமுனை துள்ளியது.

"வந்துடுச்சும்மா! ஏன் இப்படிக் கத்துற?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மேனேஜரைத் தவிர. "இவ்வளவு நேரமா!" என்றார்.

"இவரை வச்சு ஏற்கெனவே மூணு பச்சை வாங்கிட்டோம் சார். ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்துச்சு. நாம பண்ணின அயோக்கியத்தனத்துக்கு அவரு மன்னிப்புக் கேக்கறாரு, வெக்கமா இல்ல? என்னைப் பேக்கிங்குக்கே அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு டார்கெட் எழுதுங்க. ஒரே கோளாறுக்கு யாரும் ரெண்டாவது தடவை கூப்பிடக் கூடாது."

"நம்பர் இல்லாம சாப்ட்வேர் ஏத்துக்காதேம்மா."

"ஏன், பூஜ்யம் நம்பர் இல்லையா?"

மேனேஜர் கேக்கை விழுங்கிவிட்டுப் பூஜ்யத்தைத் தட்டினார். யோசனை யாருடையது என்ற கட்டத்தில் தம் பெயரைப் போட்டுக்கொண்டார், மனுஷன் அதில் கெட்டி. மூன்று நிமிடத்தை மட்டும் அழிக்கவில்லை. பேக்கிங் பேச்சையும் திரும்ப வாங்கவில்லை.

அடுத்த போனைப் பக்கத்து நாற்காலிக்காரி எடுத்தாள். மூன்று நிமிடம் ஓடியது. திரையைப் பார்த்தாள், சத்தக்காரியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று கத்தினாள்:

"ஸ்டிக்கரம்மா, ஸ்டிக்கர்!"