முகூர்த்தம் சுற்றிக்கொண்டிருக்கிறது

என் மகள் கழுத்தில் மூன்று முடிச்சு விழும் காட்சியின் விலை எழுபத்திரண்டு எம்பி. என்னிடம் இருந்தது எழுபது.

பத்திரிகையிலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள். பெண்ணின் தாயார், நேரில். தாய்மாமன், நேரில். பெண்ணின் தகப்பனார், ஆன்லைனில். யாராவது ஒருவர் போனில் பார்த்தால்தான் ஒரு கல்யாணம் நடந்ததாக ஆகும். அதற்கு நம்பகமான ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் வைத்த கண் வாங்காமல் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முப்பது வருடமாகத் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே விருதுநகர் பஜாரில் என் மிளகாய் வத்தல் கடையில், மூட்டைகளுக்கு நடுவே, பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மண்டபம் நாலு தெரு தள்ளி. நாயனச் சத்தம் காதிலேயே கேட்டது.

எனக்குச் சந்தேகம் மாப்பிள்ளை மேல். நவநீதன் என்று பெயர். பெங்களூரில் வேலை. மூன்று தடவை வீடியோ காலில் பேசியிருந்தார். மூன்று தடவையும் ஒரே சட்டை. நான் ஒரு மூட்டை வத்தல் வாங்கினாலும் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பேன். மாப்பிள்ளையை அப்படிப் பார்க்க வழியில்லை. தாலி கட்டும்போது திரையில் வருவது அதே ஆள்தானா என்று பார்த்துவிடுவதாக இருந்தேன். இடது காதுக்குக் கீழே மச்சம். வலது புருவத்தில் வெட்டு. சீட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு முதலில் விளம்பரம் வந்தது. குக்கர் விளம்பரம். அது ஓர் இடத்திலும் நிற்கவில்லை. குக்கர் பிடித்திருந்த பெண்ணின் பல் இடுக்குகூடத் தெரிந்தது. அது முடிந்ததும் மணமேடை. நவநீதன் தாலியை எடுத்தார். சுகப்பிரியா தலை குனிந்தாள். அவர்களுக்கு நடுவே ஒரு வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது.

வெளியே நாயனமும் ஒரே சுரத்தில் நின்றது.

கடையின் லேண்ட்லைன் அடித்தது. மைத்துனன் ஜவகர், மண்டபத்திலிருந்து.

"அத்தான், சுத்துதா?"

"சுத்துது."

"இங்க எல்லாரும் அப்பிடியே நிக்கிறோம். கையில அட்சதை. போடவும் முடியல, இறக்கவும் முடியல. எனக்கு வலது கை செத்துப் போச்சு."

"போன் பேசுறியே."

"அது இடது கை. நாயனக்காரர் முகம் நீலமாயிருச்சு. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது அத்தான். அதுக்குள்ள நீங்க பார்க்கலைன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

"மாப்பிள்ளைக்கு இடது காதுக்குக் கீழே மச்சம் இருக்கா பாரு."

"நான் நேர்லதான இருக்கேன். நேர்ல அவ்வளவு தெளிவாத் தெரியாது."

வைத்துவிட்டான்.

போனில் ஒரு செய்தி வந்தது. இன்றைய டேட்டாவில் தொண்ணூற்றைந்து சதவீதம் தீர்ந்துவிட்டதாம். விடியும்போது ஒன்றரை ஜிபி இருந்தது. நான் தொடவில்லை. பிரிக்காத மூட்டை எடை குறைந்தால் காரணம் ஒன்று எலி, இல்லை ஆள். போனுக்குள் எலி நுழைய இடமில்லை.

கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். செல்போன் டவர் அலுவலகம் என் கடையின் பின்கட்டில் இருந்தது. நேற்றுவரை அது குடோன். நடைபாதை நடக்க நடக்க நீண்டது. நான் நின்றேன். அது என்னிடம் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு பெஞ்சில் ஒருவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசிப் பந்து என்றார். அவர் தாடி மடியில் கிடந்தது.

மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள். கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் படம் இன்னும் வரவில்லை.

"என்ன வேணும்?"

"ரெண்டு எம்பி."

"நீங்க யாரு?"

"பொண்ணோட அப்பா."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒருத்தர் பார்க்கிறார்னு காட்டுது. அந்த ஒருத்தர் நீங்கதான்னு என்ன அத்தாட்சி?"

"நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"இப்ப நீங்க என்னையத்தான பார்க்கிறீங்க."

நான் போனைப் பார்த்தேன். அவர் ஒரு படிவத்தில் முத்திரை குத்தினார்.

"எம்பி தர முடியாது அண்ணாச்சி. காட்சியிலதான் குறைக்க முடியும். ஒரு காட்சிக்கு ஒரு பொருளத்தான் எடுக்கலாம். துண்டு இருக்கா?"

தோளில் இருந்தது. அப்போதுதான் அந்த அம்மாள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இருவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் மூடினோம்.

அவர் என் இரண்டு விரலைப் பிடித்தார். "மண்டபத்து ஃபேன எடுத்திரலாம். பன்னெண்டு ஃபேன், ரெண்டு எம்பி. உங்களுக்குச் சரியாப் போகும்."

நியாயமான விலை. அதனால்தான் சந்தேகம் வந்தது. முதலில் சொன்ன விலைக்கு நான் எதையும் முடித்ததில்லை. சுகப்பிரியா பிறந்தபோது நர்ஸ் மூன்று கிலோ என்றார். மறுபடி நிறுக்கச் சொன்னவன் நான்.

நான் அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். "பாதி ஃபேன விட்டுருங்க. பட்டுச்சேலையில வேர்க்கும்."

"ஆறு ஃபேன் ஒரு எம்பிதான். உங்களுக்கு ரெண்டு குறையுது."

"பார்த்துச் செய்யுங்கம்மா."

போன் அதிர்ந்தது. உங்கள் பேரத்துக்கு நான்கு எம்பி பிடிக்கப்பட்டது. மீதி அறுபத்தாறு.

"பேரத்துக்குமா பிடிப்பீங்க?"

"அது விடிஞ்சதிலேருந்தே பின்னணியில ஓடிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு அத நிறுத்தத் தெரியல."

"சரி. ஃபேன எடுத்துக்கோங்க."

"இப்ப ஆறு குறையுது. ஃபேன் பத்தாது. மேளமும் நாயனமும் சேர்த்து ஆறு." ஒரே கையில் ஆறு விரலைக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். துண்டைக் கொஞ்சம் தூக்கினேன். ஐந்து. மூடினேன். ஆறு.

இந்த மாதிரி கையோடு யாரும் அவசரப்பட்டு முடிக்கக் கூடாது.

"மேளமில்லாமத் தாலி கட்டுனா ஊர் என்ன சொல்லும்? மேளம் போகட்டும். நாயனத்த விடுங்க. மூணுக்கு முடிங்க."

"நேரமாகுது அண்ணாச்சி."

"உங்களுக்கு ஆகல, எனக்கு ஆகல. நாலு."

போன் அதிர்ந்தது. எட்டு எம்பி பிடிக்கப்பட்டது. மீதி ஐம்பத்தெட்டு.

அவர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இனிமே முகம்தான். ஒரு முகம் பதினாலு எம்பி. எத எடுக்க, மாப்பிள்ளை முகமா, பொண்ணு முகமா?"

"ரெண்டுலயும் ஏழு ஏழு எடுங்க."

"ரெண்டு பேரும் ஒரே ஆளாத் தெரிவாங்க. யாரு யாருக்குக் கட்டுனாங்கங்கிற பஞ்சாயத்து இங்க வரும். போன மாசம் வந்துச்சு."

மேசையில் என் கடை லேண்ட்லைன் அடித்தது. ஜவகர்.

"அத்தான், மணி பத்து இருபத்தெட்டு. அவ ஒண்ணு கேக்கச் சொன்னா. அப்பா பார்க்குற நேரத்துல சிரிக்கணுமா, அழணுமாங்கிறா. ரெண்டுக்கும் தயாரா இருக்காளாம்."

"அவ இஷ்டம்னு சொல்லு."

"நீங்க பார்த்துச் சொல்லுவீங்கன்னு இருக்கா."

"சரி சரி."

சுகப்பிரியா முகம் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். மாப்பிள்ளை முகம்தான் பார்க்காத சரக்கு. தெரிந்ததற்கு எதற்குச் செலவு. யோசனை சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பொண்ணு முகம்" என்றேன். வியாபாரத்தில் முதல் தடவையாக, துண்டில்லாமல், வாயால்.

வட்டம் நின்றது. வெளியே நாயனக்காரர் மூச்சு விட்டது நாலு தெரு தாண்டிக் கேட்டது.

நவநீதன் முதல் முடிச்சைப் போட்டார். அவருடைய அக்கா அடுத்த இரண்டையும் போட்டாள். மாப்பிள்ளை அவ்வளவு தெளிவு. மச்சம் இருந்தது. வெட்டு இருந்தது. அதே ஆள். மேலே பன்னிரண்டு ஃபேனும் இறக்கை இறக்கையாகத் தெளிவாகச் சுற்றின. அவருக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டு. பட்டுக்கு மேல் முகத்துக்குப் பதிலாகப் பதினாறு கட்டங்கள். கீழ் வரிசையில் ஒரு கட்டம் அசைந்தது. ஒரு கட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு ஆசீர்வாதம் வாங்கக் கடைக்கு வந்தார்கள். ஜவகரின் வலது கை இன்னும் மேலேயே இருந்தது. நவநீதன் காலில் விழுந்தார். எடையுள்ள ஆள்தான். புதுச் சட்டை போட்டிருந்தார். சுகப்பிரியாவின் கழுத்துவரை எல்லாம் சரியாக இருந்தது. மஞ்சள் கயிறு, மாலை, நான் வாங்கிய ஆரம். கழுத்துக்கு மேலே அதே பதினாறு கட்டங்கள். என் மனைவி சந்திரா மேல் வரிசையில் ஒரு கட்டத்தைத் தொட்டுப் பொட்டைச் சரிசெய்தாள்.

"பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்மா."

"நான் எப்பிடி இருந்தேன்?"

"நல்லா இருந்த."

கட்டங்கள் என்னையே பார்த்தன. என் மகள்தான். முதலில் சொன்னதை அவளும் எடுத்துக்கொள்வதில்லை.

"மூணாவது முடிச்சு விழுந்தப்ப நான் என்ன செஞ்சேன்னு சொல்லுங்க."

கடையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். துண்டு தோளில் இருந்தது.

"சிரிச்ச" என்றேன்.

கீழ் வரிசையில் அந்த ஒரு கட்டம் அசைந்தது.

"சரிப்பா" என்றாள். எது சரி என்று சொல்லவில்லை. போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

மச்சம் எழுதிய சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. எழுதினேன். இருப்பு எம்பி எழுபது. பேரத்துக்குப் போனது பன்னிரண்டு. காட்சிக்குப் போனது ஐம்பத்தெட்டு. கணக்கு நேர். வரவு, முடிச்சு மூன்று, மச்சம் ஒன்று, புருவ வெட்டு ஒன்று, ஓடுகிற ஃபேன் பன்னிரண்டு. வரவேண்டியது, முகம் ஒன்று.