உள்ளே ஆள் இருந்தால்

அந்த லாரிக் கம்பெனியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு மச்சான்தான். முதலாளி தன் மனைவியின் தம்பியை "மச்சான், இங்க வா" என்று கூப்பிடப்போக, டிரைவர்கள் முதல் கேட் வாட்ச்மேன் வரைக்கும் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. முகத்துக்கு நேரே மட்டும் "சார்" என்பார்கள். அந்த சாரிலும் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கும். மச்சானுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வது? போட்டோ ஸ்டூடியோ வைத்து இழுத்து மூடியாயிற்று. அலங்கார மீன் விற்கப் போய் மீனும் போயிற்று, தொட்டியும் போயிற்று. கடைசியில் அக்கா மூக்கைச் சிந்திப் புருஷனிடம் வாங்கிக்கொடுத்த நாற்காலி இது.

நாற்காலிக்குப் பெயர் பாதுகாப்பு மேலாளர். கம்பெனி லாரிகள் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குச் சரக்கு கொண்டுபோகிறவை. வழியில் டிரைவர் சாப்பிட இறங்கினால் போதும், பின்கதவைத் திறந்து பெட்டி பெட்டியாக இறக்கிவிடுகிறார்கள். ஒரு தடவை டி.வி. போயிற்று. இன்னொரு தடவை ஷூ போயிற்று. ஷூவில் இடது கால் மட்டும் ஏற்றியிருந்த லாரி அது, வலது கால் வேறு லாரியில். திருடினவன் வீட்டிலும் அன்று எழவுதான் விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு வழி பண்ணு என்று முதலாளி மச்சானை ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார். போகும்போது சும்மா போனவர், வரும்போது கழுத்தில் ஒரு பட்டை, தோளில் ஒரு பை, வாய் நிறைய விதிகள் என்று வந்து இறங்கினார். அடேயப்பா, அந்த வாரம் விதிகளை ஒட்டி ஒட்டி ஆபீஸ் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை.

டிரைவர்களை வரிசையாக உட்காரவைத்து விளக்கினார்.

"இனிமே எல்லா லாரிக்கும் எலக்ட்ரானிக் பூட்டு. என் போன்ல இருந்து நான் அனுமதி கொடுத்தாத்தான் திறக்கும். லோடு ஏத்துற ஷெட்டுக்குள்ள யார் போனாலும் போனையும் அடையாள அட்டையையும் வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுத்தான் போகணும். நானும் கொடுப்பேன். விதின்னா விதிதான்."

வாட்ச்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரோட்டுல போகும்போது எவன் சொன்னாலும் பின்கதவ திறக்கக் கூடாது. போலீஸ் டிரெஸ்ல வருவான். மேனேஜர் மாதிரியே பேசுவான். இன்னும் சில கும்பல் இருக்கு, கூட்டாளி ஒருத்தன உள்ள ஒளிச்சு வெச்சுத் தட்டச் சொல்லும். நீங்க பாவம்னு நிறுத்துவீங்க, மத்தவன் வந்து அமுக்கிடுவான். தட்டுனா தட்டட்டும். நேரா எல்லைச் சாவடிக்குப் போயிடணும். பூட்டை உடைச்சா வேலை போயிடும்."

பின்வரிசையிலிருந்து ஆமையண்ணன் கையைத் தூக்கினார். வேகமாக ஓட்டவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். ஒரு கீறல்கூட விழாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார், ஆனால் சாயங்காலம் வர வேண்டியது மறுநாள் வரும்.

"சார், நிஜமாவே நம்ம ஆளு ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டா?"

"உள்ள ஆளே இருக்க மாட்டான்யா. அதுக்குத்தான பூட்டு?"

"அது சரி சார். ஆனா இருந்தா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. கேள்வியும் மறக்கவில்லை, சிரிப்பும் மறக்கவில்லை.

அப்புறம் ரோஜாப்பூ லோடு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பூ வாங்கும் பெரிய வியாபாரி ஓர் அம்மாள். டிரைவர்கள் அவரைப் பூக்காரம்மா என்பார்கள். கம்பெனியின் பாதுகாப்பு சரியாக இருக்கிறதா என்று இந்த ஒரு லோடில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் வருஷம் முழுக்கப் பூ அனுப்பும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி மச்சானைத் தனியே கூப்பிட்டார்.

"இதுல மட்டும் சொதப்பின, உங்கக்கா வந்து என் கால்ல விழுந்தாலும் உனக்கு இங்க இடமில்ல. புரியுதா?"

"புரியுது மாமா."

லோடு போவது ஆமையண்ணன் வண்டியில். மச்சான் யோசித்தார். தன் பேரும் நிலைக்க வேண்டும், அந்த ஆளின் மூக்கும் உடைய வேண்டும். டிரைவர் உள்ளே சோதித்து முடித்த பிறகு தானே ஏறி ஒளிந்துகொள்வது. கதவு மூடப் போகும் நேரத்தில் வெளியே குதித்து, "உள்ள ஆள் இருக்கானே, நீ என்னய்யா பார்த்த?" என்று எல்லார் முன்னாலும் ஒரு பிடி பிடிப்பது. தூ, இதுவும் ஒரு திட்டமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஏனென்றால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் ஷெட் வாசலில் போனையும் அட்டையையும் வாட்ச்மேனிடம் கம்பீரமாகக் கொடுத்தார். வாட்ச்மேன் இரண்டையும் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆமையண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு லாரிக்குள் போனார். பெட்டிகளுக்கு நடுவில், மேலே, கூரை ஓரம், கதவின் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தரையில் குனிந்துகூடப் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. மச்சான் தூணுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தார். ஆமையண்ணன் இறங்கிக் கேபின் பக்கம் நடந்ததும், மச்சான் ஓடிப்போய் ஏறிக் கடைசிப் பெட்டி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

லோடு ஏற்றுகிறவர்களுக்கு அன்று என்ன அவசரமோ. மச்சான் மூச்சு வாங்கி எழுந்திருப்பதற்குள் இரண்டு கதவும் சாத்தியாயிற்று. வெளியே பூட்டு 'டிக்' என்றது. பூ வாடாமலிருக்கப் பொருத்திய கூலிங் மெஷின் உறுமத் தொடங்கியது. மச்சான் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டார். போன் இல்லை. அப்போதுதான் அவருக்கு டிராயர் ஞாபகத்துக்கு வந்தது.

வண்டி கிளம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் தட்டினார். அப்புறம் குத்தினார். அப்புறம் ஷூவைக் கழற்றி அடித்தார். உள்ளே கும்மிருட்டு, ரோஜா வாசனை, எலும்பைத் துளைக்கிற குளிர்க்காற்று. மேலே மெல்லிய சட்டை ஒன்றுதான். வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினார். ஊருக்கு வெளியே ஓரிடத்தில் வண்டி மெதுவாக ஓரம் கட்டியது. பின்கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?"

"நான்தான்யா! திற!"

"நான்னா?"

"மேனேஜர்யா! மச்சான்!" வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தப் பெயரைத் தானே சொன்னார்.

செருப்புச் சத்தம் இரண்டடி பின்வாங்கியது.

"மேனேஜர் மாதிரியே பேசுவான், நம்பாதேன்னு எங்க மேனேஜர் சொல்லியிருக்காரு."

"யோவ், நான்தான்யா அந்த மேனேஜர்!"

"அப்ப நான் திறக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியுமே சார்." குரலில் கிண்டலா, பணிவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இருங்க, போன் போட்டுப் பார்க்குறேன்."

போட்டுப் பார்த்தார். மேனேஜர் போன் எங்கோ ஒரு டிராயருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீசுக்குப் போட்டார். பூட்டு விஷயம் எதுவானாலும் மேனேஜரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி என்றார்கள்.

"பூட்டை உடைய்யா!" என்று மச்சான் அலறினார்.

"உடைச்சா வேலை போயிடும்னு போட்டிருக்கு சார்."

மச்சானுக்கு அழுகை வந்துவிட்டது. விரல் மரத்துவிட்டது, தாடை தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டது. சத்தியமாகச் செத்துப்போவோம் என்று நினைத்தார். அக்கா முகம் ஞாபகம் வந்தது. தொட்டியில் மிதந்த மீன்கள்கூட ஞாபகம் வந்தன. அப்போது முன்பக்கம் உறுமிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் பட்டென்று நின்றது. காற்று ஓய்ந்தது.

"உள்ள இருக்கிறது யாரா இருந்தாலும் கேட்டுக்கோங்க," என்று கதவுக்கு அருகில் குரல் வந்தது. "கூலிங்க நிறுத்திட்டேன். அதுக்கும் விதி இருக்கு, பரவால்ல. பெட்டி அட்டையப் பிரிச்சு மேல சுத்திக்கோங்க. இன்னைக்கு வேகமாவே ஓட்டுறேன்."

ஆமையண்ணன் அன்று ஓட்டிய வேகத்தைப் பார்த்திருந்தால் டிரைவர்கள் அவருக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

எல்லைச் சாவடியில் அவரே இறங்கி ஓடிப்போய், உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னார். சுங்க அதிகாரி முறைப்படி பூட்டை வெட்டச் சொன்னார். துப்பாக்கியோடு நாலு பேர் சுற்றி நிற்க, கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்தார். உடம்பெல்லாம் அட்டை சுற்றி, தலையிலும் தோளிலும் ரோஜா இதழ் ஒட்டி, ஒரு காலில் மட்டும் ஷூவோடு இறங்கினார்.

"மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு எங்க?" என்றார் ஒரு காவலர்.

"நான் கம்பெனி பாதுகாப்பு மேலாளர்."

"அட்டை?"

"டிராயர்ல இருக்கு."

அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பினார். "இவர உனக்குத் தெரியுமா?"

"எங்க மேனேஜர்தான் சார்."

"அப்புறம் ஏன்யா வழியிலயே திறக்கல?"

"அவர்தான் சார் திறக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

சாவடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளியின் சொந்த நம்பருக்குப் பேசி, அவர் திட்டோ திட்டென்று திட்டி, ஒருவழியாக இரண்டு பேரையும் விட்டார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் மச்சான் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் சாவடியில் நடந்தது பூக்காரம்மா காதுக்குப் போயிற்று. அந்த அம்மாள் முதலாளியைக் கூப்பிட்டு, "சொந்த மேனேஜர் அழுது கெஞ்சியும் திறக்கலையாமே! இந்த மாதிரி கம்பெனிதான் எனக்கு வேணும்" என்றார். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது நாங்க திட்டம் போட்டு வெச்ச சோதனைங்க" என்று அள்ளிவிட்டார். வருஷ வேலை கைக்கு வந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அந்த அம்மாள் விடவில்லை. பூவில் பாதி வாடிப்போயிருந்தது. கூலிங்கை நிறுத்தினவன் யாரோ, அவன் இனிமேல் என் சரக்கைத் தொடக் கூடாது, அவனை வேலையை விட்டே அனுப்பியாச்சு என்று எழுதிக்கொடுங்கள் என்றார்.

மறுநாள் முதலாளி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜையில் வேலைநீக்கக் கடிதம். கையெழுத்துப் போட வேண்டியது பாதுகாப்பு மேலாளர்.

"கூலிங்க ஏன் நிறுத்தின?" என்றார் முதலாளி.

"உள்ள ஆள் இருந்துச்சுங்க."

"அது மேனேஜர்னு தெரிஞ்சுதானே?"

"தெரியாதுங்க. குரல் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா நம்பக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. யாரோ ஒருத்தர். திருடனாவே இருக்கட்டும், அவனும் விறைச்சுத்தானே போவான்?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "மாமா, அவரு மட்டும் நிறுத்தலைன்னா நான்..."

"நீ என்ன?" முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "திட்டம் போட்ட சோதனைன்னு சொல்லியாச்சு மச்சான். சாகப் போனேன்னு சொன்னா அது சோதனையா? இவன அனுப்பலைன்னா பூ வேலை கைவிட்டுப் போகும். வேலை போனா முதல்ல போறது யாருன்னு உனக்கே தெரியும். கையெழுத்தைப் போடு."

சொல்லியிருக்கலாம். நான்தான் ஏறினேன், இந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை, என் உயிரே இவர் போட்ட பிச்சை என்று ஒரு வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வெட்கமும் பயமும் போட்டுப் பிடுங்கின. இரண்டில் பயம்தான் பெரிய ஆள். மச்சான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சீ, என்ன மனுஷன்!

ஆமையண்ணன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை உள்ள ஏறுனா ஒரு கம்பளி எடுத்துட்டு ஏறுங்க. எல்லாரும் நிறுத்த மாட்டாங்க."

அவர் போன பிறகு முதலாளி சொன்னார், "பூக்காரம்மா இன்னொன்னும் கேட்டாங்க. இனிமே இப்படி நடக்காம ஒரு விதி எழுதி இன்னைக்கே சுவத்துல ஒட்டிடு."

மச்சான் தன் அறைக்கு வந்தார். புது நாற்காலி போட்டிருந்தார்கள். கதவில் பெயர்ப் பலகையும் பெரிதாகியிருந்தது. வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். ஏசி காற்று நேராகப் பிடரியில் வந்து விழுந்தது. எழுத்து ஓடவில்லை. எழுந்து போய் ஏசியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார்:

"உள்ளே ஆள் இருந்தாலும், எக்காரணம் கொண்டும் குளிரை நிறுத்தக் கூடாது."