துரை கொண்டு வந்த கோடிச்சேலை

எம்.ரெட்டியபட்டியில் சௌடம்மாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது அவள் வாயில் வசவு தயாராக இருந்தது. கடல் தாண்டி எங்கோ ஒரு சின்ன நாடு. அதன் மதராஸ் ஆபீஸ் துரை வரப்போகிறார் என்று மூன்று நாளாக ஊரெல்லாம் பேச்சு.

யுத்தம் முடிந்தும் நூல் கிடைக்காமல் தறி நின்ற வருஷம், அவள் புருஷன் திம்மையா கரும்புத் தீவுக்குக் கப்பலேறினார். அந்தத் தீவை ஆள்வது ஒரு பெரிய நாடு. கூலி உயர்வு கேட்டவர்களைத் தோட்டத்து ஆட்கள் விரட்டி விரட்டி அடித்தார்கள். திம்மையாவும் கூடக் கப்பலேறிய ஊர்க்காரன் மொக்கையனும் இந்தச் சின்ன நாட்டுக் கொடி பறந்த பங்களாவுக்கு ஓடிக் கதவைத் தட்டினார்கள். மாடியில் ஆள் நின்று பார்த்தது, கதவு திறக்கவில்லை. வாசலிலேயே திம்மையாவை அடித்துக் கொன்றார்கள். தப்பி வந்த மொக்கையன் இதை ஊர் முழுக்கச் சொல்லி அழுதிருந்தான்.

துரை ஒரு காகிதத்தை எடுத்து ஏதோ சொல்ல, கூட வந்த மிஷன் பள்ளி வாத்தியார் வேதநாயகம் தமிழில் சொன்னார். "இவுக சர்க்கார் ரொம்ப வருத்தப்படுதாம்மா. பெரிய நாட்டுக்கும் காயிதம் எழுதியிருக்காக. இதுல கைநாட்டு வச்சிட்டா சோலி முடிஞ்சது."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல்ல இறந்தாருன்னு."

"காய்ச்சலுக்கு மண்டை பிளக்குமா, வாத்தியாரே?"

வாத்தியார் அதைத் துரையிடம் இரண்டே வார்த்தையில் சொன்னார். துரை தலையாட்டிவிட்டு, காரிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்து வந்து நீட்டினார். பாவம், ஆறுதலுக்குத்தான். ஆனால் கூட்டத்துக்கு அது வேறாகத் தெரிந்தது. புருஷனை இழந்தவளுக்குப் புதுச்சேலை கொண்டு வந்தால் அது கோடி. அதைப் பிறந்த வீட்டுக்காரன்தான் கொண்டு வர வேண்டும். சௌடம்மாளுக்குப் பிறந்த வீட்டில் ஒருத்தரும் மிச்சமில்லை. கோடி போட ஆளில்லையே என்று அவள் அழுதது தெருவுக்கே தெரியும்.

அவள் சேலையைத் தொடவில்லை.

"வாத்தியாரே, நான் முழ நீளத்துக்குப் பேசுனா நீங்க சாண்ல அறுத்துத் தாரீக. இதையாச்சும் முழுசாச் சொல்லுங்க. கோடி கொண்டாந்தா இவுக எனக்கு அண்ணன். அப்ப எம் புருஷன் அன்னைக்குத் தட்டுனது மச்சினன் வீட்டுக் கதவு. ஏன் தொறக்கல?"

வேதநாயகம் இந்தத் தடவை எதையும் குறைக்கவில்லை. துரையின் காது சிவந்தது. அவர் மெதுவாகப் பேச, வாத்தியார் தமிழில் சொன்னார்.

"இவுக நாடு ரொம்பச் சின்னதாம். பெரிய நாட்டைப் பகைச்சுக்கிட முடியாதாம்."

"ஏழை அண்ணன்னாலும் வீட்டுக்குக் கதவு உண்டுல்ல? தொறந்து உள்ள விட்டா என்ன குறைஞ்சிரும்?"

வாத்தியார் சொல்லி முடித்தார். துரை நீட்டிய கை தானாக இறங்கியது. காகிதத்தை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். திரும்பிப் போகும் கோடி மேலே பட்டுவிடக் கூடாதென்று கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"வாத்தியாரே," என்று சௌடம்மாள் கூப்பிட்டாள். துரையும் நின்றார். "மொக்கையன் கண்ணால கண்டத அப்படியே எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க. ஒரு விரல் என்ன, பத்து விரலையும் வச்சுத் தாரேன்."