நாலாவது வேண்டாம்

புதன்கிழமை மேரிட் ஓப்சாலுக்கு எழுபத்திரண்டாவது பிறந்த நாள். அன்றோடு அவளுடைய ஓட்டுநர் உரிமமும் முடிகிறது. புதுப்பிக்கப் போனால் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். இப்போதெல்லாம் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு உட்கார்ந்துகொள்கிறது. பிறந்த நாள் வரை ஓட்டலாம், பகலில் மட்டும், தெரிந்த சாலையில் மட்டும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் சிவப்பு கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை விற்றே ஆக வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் மினசோட்டாவின் சோளக்காடுகளுக்கு நடுவே மஞ்சள் பள்ளிப் பேருந்தை உருட்டியவள் அவள். ஓய்வு பெற்ற மறுநாளே கையிருப்பை எல்லாம் கொட்டி இந்தக் காரை வாங்கினாள். கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் அரிசோனாவில். பனிக்காலம் முழுக்கப் போர்வைக்குள் தூங்கி, பனி உருகச் சாலையில் தூவிய உப்பு மழையில் கரைந்த பிறகே வெளியே வரும் அந்தக் காரோடுதான் அவள் வாய்விட்டுப் பேசுவாள்.

விலை இருபத்தெட்டாயிரம் டாலர். அவள் சேமிப்பு என்று இருந்ததும் அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, விளம்பரம் பார்த்து லைல் ஹாகன் வந்தான். பக்கத்து மாவட்டத்துக்காரன் என்றான். ஐம்பது வயது, சிரித்த முகம். வந்ததும் விலை பேசவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "இவளுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "இங்கா" என்றாள் மேரிட். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

சமையலறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். காப்பி கொடுத்தாள். வேண்டாம் என்றான். மறுபடி கேட்டாள். சிரமப்படாதீங்க என்றான். மூன்றாம் முறை, "சரி, அரைக் கோப்பை" என்றான். அந்தப் பக்கத்து மரியாதை அப்படி. முதல் இரண்டு மறுப்புகள் கணக்கில் வராது. மூன்றாவது முறை கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவள் பேருந்து ஓட்டிய கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கணவன் எப்படி இறந்தான் என்று கேட்டான். பதிலையும் கேட்டான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து மேசையில் வைத்தான். வங்கி டிராஃப்ட். இருபத்தெட்டாயிரம், ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

"உரிமைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, இங்காவைப் பத்திரமா கூட்டிட்டுப் போயிடுவேன்."

மேரிட்டுக்கு வங்கி கவுன்டரில் இருக்கும் கோனி வியாழக்கிழமை சொன்னது நினைவு வந்தது. "டிராஃப்ட்னா எங்க கண்ணு முன்னாடி வச்சு வாங்குங்க மேரிட். போலியா இருந்தாலும் முதல்ல பணம் ஏறின மாதிரிதான் காட்டும். பத்து நாள் கழிச்சுத் திரும்பி வரும். அதுக்குள்ள கார் எங்கயோ போயிருக்கும்." வங்கியோ சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மூடிவிட்டது.

"திங்கட்கிழமை வச்சுக்கலாமே. என் வங்கியில" என்றாள்.

"அட, எதுக்குங்க இன்னொரு தடவை அலைச்சல்? இன்னிக்கே முடிச்சிரலாம்."

"இல்ல, பரவாயில்ல. திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கே. உங்களுக்கும் புதன்கிழமையோட லைசென்ஸ் முடியுதுன்னீங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வேண்டாங்க."

மூன்று முறை ஆகிவிட்டது. லைல் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான். "ஒரே ஒரு கையெழுத்து, மேரிட்."

அவள் கை தானாகப் போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்த மனிதனை, அதுவும் தன் காப்பியைக் குடித்த மனிதனை, முகத்துக்கு நேராக நம்பவில்லை என்று சொல்ல அவளை யாரும் பழக்கிவைக்கவில்லை. மேசையில் விரித்திருந்த கார்ப் பத்திரத்தில் கையெழுத்துக் கோடு தெரியவில்லை. சாம்பல் பொட்டு சரியாக அதன் மேல் உட்கார்ந்திருந்தது. படிக்க முடியாத இடத்தில் கையெழுத்துப் போடப் போகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

பேனாவை மூடினாள். "வேண்டாம்."

நாலாவது. சொன்னதும் அவளுக்கே காது சுட்டது.

லைலின் சிரிப்பு அணைந்தது. "கிழவிங்களுக்கு இந்த டிவியைப் பாத்துப் பாத்து சந்தேகம் முத்திப்போச்சு" என்றபடி டிராஃப்டை மடித்தான். வாசலில் நின்று, "சரி. திங்கட்கிழமை பத்து மணி" என்றான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வங்கி வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே காத்திருந்தாள் மேரிட். அவன் வந்துவிட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டாள். வந்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரமும் நிஜமாகிவிடும்.

பத்தரை ஆயிற்று. கோனி அவன் எண்ணுக்குப் போன் செய்து பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

"தப்பிச்சீங்க மேரிட்! கொண்டாடணும்."

"ஆமா" என்றாள் மேரிட். அழுகை வருவது ஏன் என்று கோனிக்கு விளக்க முடியவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்த இன்னொரு ஆள், மினியாபொலிஸிலிருந்து தோழியின் காரில் வந்திறங்கினாள். ரெனே பவுல்சன், பல் டாக்டர். இன்ஜினைக் கிளப்பி ஒரு நிமிஷம் கேட்டாள். டயரைப் பார்த்தாள். அவளுக்கும் அதே வங்கியில்தான் கணக்கு. கோனி அவள் கணக்கிலிருந்து எடுத்து மேரிட் கணக்கில் போட்டு, சீட்டை நீட்டினாள். "ஏறிடுச்சு. இனி யாராலயும் திருப்ப முடியாது."

கோனி விரல் வைத்துக் காட்டிய கோட்டில் மேரிட் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் ஒன்பது நிமிஷம்.

"குளிர்ல இவ கொஞ்சம் முரண்டு பிடிப்பா" என்று ஆரம்பித்தாள். "முதல்ல சாவியை..."

"மெக்கானிக் பாத்துக்குவார். தேங்க்ஸ்!" கை குலுக்கிவிட்டு ரெனே ஏறினாள். கார் தானியக் கிடங்கு வரை போய், திரும்பி, மறைந்தது. மூன்றாவது கியர் விழும் சத்தம் கேட்டது. நாலாவது கேட்கவில்லை.

பணத்துக்கான பாதுகாப்பை எல்லாம் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. வீட்டுக்கு எப்படிப் போவது?

கைபேசியை எடுத்து, பெரிதாக்கி வைத்திருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். மகன். கண் டாக்டர். உரக்கடை. கணவனின் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. சனிக்கிழமை புதிதாகச் சேர்த்த லைலின் எண்.

அதை அழித்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு மைல் சோளக்காட்டுச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள்.